கைவினையும் தீவினையும்

பழையதைப் புதுப்பிப்பதை நம் முன்னோர் நல்வினையாகவே கருதினர். சிதைந்த ஜினாலயத்தைச் செப்பனிடுவோரை ஜீர்ணோத்தாரணம் செய்தோர் எனப் போற்றுகிறோம். செல்லரித்த சுவடியைப் படியெடுத்துக் காத்தவரை நன்றியோடு நினைவுகூர்கிறோம். பாட்டனார் விட்டுச் சென்ற சாய்வு நாற்காலியின் காலைச் சீராக்கி மெருகேற்றும் இளைஞனைக் கண்டால், பொறுப்புள்ள பிள்ளை என மகிழ்கிறோம். அழியவிருந்த பொருளை மீட்டு, அதற்கு மறுவாழ்வு தரும் கை நல்ல கை என்பதே நம் உள்ளத்தில் ஊறிய எண்ணம்.

இவ்வெண்ணம் எல்லா இடத்தும் பொருந்துமா? மீட்கப்படும் பொருள் கொலைக்கருவியாக இருப்பின், அப்போதும் அக்கையை நல்ல கை என்போமா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். படைகள் கழித்துவிட்ட பழைய ரைபிள் துப்பாக்கியை விலைக்கு வாங்கி, துருவை நீக்கி, பழுது பார்த்து, வேட்டைக்கு ஏற்றவாறு மாற்றியமைப்பதே அத்தொழில். அமெரிக்க நாட்டில் இது பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குப் பிழைப்பு. இதனைச் செய்பவன் துப்பாக்கியைச் சுடாதவரையில் அவன் செய்வது வெறும் கைவினைதானா? அன்றி, தீவினையும் அப்பட்டறையிலேயே தொடங்கிவிடுகிறதா? நமக்குத் தொலைவில் உள்ள தொழிலாயினும், நம் ஆசிரியர்கள் மிக நுட்பமாக ஆராய்ந்த ஒரு கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

படையிலிருந்து காட்டுக்கு

முதலில் செய்திகளை அறிவோம். 1898இல் ஜெர்மன் படை ஏற்றுக்கொண்ட மவுசர், 1903இல் அமெரிக்கப் படைக்கு வந்த ஸ்பிரிங்ஃபீல்டு, பிரிட்டிஷ் பேரரசின் படைகள் ஏந்திய லீ-என்ஃபீல்டு ஆகியவை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெயர்பெற்ற ரைபிள்கள். இவற்றுள் லீ-என்ஃபீல்டு நம் நாட்டிற்கும் அறிமுகமானதே. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, 'த்ரீ நாட் த்ரீ' எனக் காவலர் நாவில் வழங்கிய துப்பாக்கி அதுதான். 1914 முதல் 1918 வரையும், 1939 முதல் 1945 வரையும் நடந்த இரு பெரும்போர்களுக்காக இத்தகைய துப்பாக்கிகள் கோடிக்கணக்கில் செய்து குவிக்கப்பட்டன. போர் முடிந்தது. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் புதுவகைத் துப்பாக்கிகள் வந்தன. பழையவை கிடங்குகளில் தேங்கின. அரசுகள் அவற்றைக் கழிவுப் பொருளாக விற்றன. 1950களிலும் 1960களிலும் அவை கப்பல் கப்பலாக அமெரிக்காவில் வந்திறங்கின. புதிய வேட்டைத் துப்பாக்கியின் விலையில் சிறு பங்கே இவற்றுக்கு ஆயிற்று. ஆகவே உழவரும் தொழிலாளரும் போரிலிருந்து திரும்பிய வீரரும் இவற்றை வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றியமைக்கலாயினர்.

இவ்வழக்கம் அதற்கும் முற்பட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பதவியிலிருந்தபோதே புதிதாக வந்த ஸ்பிரிங்ஃபீல்டு படைத் துப்பாக்கி ஒன்றை வேட்டைக்கு ஏற்றபடி மாற்றச் செய்து வைத்துக்கொண்டார். பதவி முடிந்தபின் 1909இல் அதனையும் எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்கா சென்றார். அருங்காட்சியகத்திற்கு உயிரினங்களைத் திரட்டுவதென்பது அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. தாமும் தம் மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகளின் கணக்கை அவரே நூலில் எழுதியிருக்கிறார். தாம் கொன்றவை 296, மகன் கொன்றவை 216, ஆக 512.

மாற்றும் வேலை எத்தகையது? கிடங்கில் பல்லாண்டு கெடாதிருக்கப் பூசிய கெட்டிக் கிரீஸைக் கழுவி எடுக்கவேண்டும். படைத் துப்பாக்கியில் குழலின் பெரும்பகுதியை மரம் மூடியிருக்கும். தொடர்ந்து சுடுவதால் கொதிக்கும் குழல் வீரனின் கையைச் சுடாதிருக்க அவ்வேற்பாடு. வேட்டைக்காரன் சுடுவது ஓரிரு முறையே. ஆதலால் அம்மரத்தைக் குறைத்துவிடுவான், அல்லது வால்நட் மரத்தில் புதிய கட்டையைத் தானே செதுக்கி, ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை தேய்த்து மெருகேற்றுவான். குத்துவாள் மாட்டும் முனையை நீக்குவான். தொலைநோக்கி பொருத்துவதற்கு மேற்புறத்தில் துளையிட்டுத் திருகு வெட்டுவான். போல்ட்டின் கைப்பிடி நேராக நீட்டியிருந்தால் தொலைநோக்கியில் இடிக்கும் என்பதால் அதனைக் கீழ்நோக்கி வளைப்பான்.

விசையையும் மாற்றுவதுண்டு. படைத் துப்பாக்கியின் விசை இரு நிலைகளாக இயங்கும். முதலில் ஓர் இழுப்பு. பின்னர் ஒரு தடை. அதனையும் கடந்து இழுத்தால்தான் வெடிக்கும். பதற்றத்தில் தவறி வெடித்துவிடாதிருக்க இவ்வமைப்பு துணை செய்தது. வேட்டைக்காரனுக்கோ மெல்லத் தொட்டவுடன் நழுவும் விசை வேண்டும். ஆகவே படையினரின் கருவியில் இருந்த அச்சிறு தயக்கமும் வேட்டைக் கருவியில் நீக்கப்படுகிறது.

இவ்வாறு மாற்றிய துப்பாக்கிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்போர்ட்டர்' என்று பெயர். விளையாட்டு என்னும் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். இதற்காக அயலாரை மட்டும் நகைப்பதற்கில்லை. நம் மொழியிலும் வேட்டை 'ஆடு'தல் என்றே வழங்குகிறோம். ஒருவர் ஆடுகிறார், மற்றோர் உயிர் ஓடுகிறது. ஆட்டத்திற்கு இருவரும் இசைந்திருக்க வேண்டும் என்பதை எந்த மொழியும் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

அவர்கள் கூறும் நியாயம்

மறுபக்கத்தைக் கேளாமல் தீர்ப்புக் கூறுதல் அநேகாந்தம் போற்றும் நமக்கு அழகன்று. ஆகவே இத்தொழிலை விரும்புவோர் கூறும் நியாயங்களை அவர்கள் வாய்மொழியாகவே எண்ணிப் பார்ப்போம்.

"எரியுலைக்குப் போகவிருந்த இரும்பைக் காப்பாற்றினோம். பொறுமையும் கூர்ந்த கவனமும் இன்றி இவ்வேலை கைகூடாது. அரத்தால் ஒருமுறை கூடுதலாகத் தேய்த்தால் பல நாள் உழைப்பு பாழ். எங்கள் பிள்ளைகள் இதில் பொறுமை கற்கிறார்கள்," என்பது முதல் நியாயம்.

"குறி தவறாத துப்பாக்கியே விலங்குக்குச் செய்யும் கருணை. செப்பமற்ற துப்பாக்கியால் சுட்டால் மான் காயத்தோடு ஓடிப் பல நாள் துடித்து மடியும். எங்கள் உழைப்பு அத்துன்பத்தைக் குறைக்கிறது," என்பது இரண்டாவது.

"1937இல் இயற்றப்பட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி ரைபிள்களுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி, வனவிலங்குப் பாதுகாப்பிற்கே செல்கிறது. அருகிப்போயிருந்த வெண்வால் மான் மீண்டும் பெருகியதில் எங்கள் பணமும் உண்டு. ஓநாய் இல்லாத காடுகளில் மான்கள் அளவின்றிப் பெருகினால் தளிர் அனைத்தும் அழியும், பின்னர் மான்களே பசியால் மடியும்," என்பது மூன்றாவது.

"கூண்டில் அடைத்து வளர்த்த விலங்கின் இறைச்சியைக் கடையில் வாங்கி உண்போனைவிட, தான் உண்பதற்குத் தானே பொறுப்பேற்கும் வேட்டைக்காரன் நேர்மையானவன்," என்பது நான்காவது.

இவற்றுள் எதுவும் புறந்தள்ளத்தக்கது அன்று. கடைசி நியாயத்தில் கசப்பான உண்மையே இருக்கிறது. பிறர் கையால் கொல்வித்து உண்போன், தன் கையால் கொல்வோனை இகழ்வதற்குத் தகுதியற்றவன். கொல்லுதலும் கொல்வித்தலும் உடன்படுதலும் ஒரே கணக்கில் சேரும் என்பது நம் நூல்களின் துணிபு. வரிப்பணத்தால் காடுகள் காக்கப்படுவதும் மெய்யே. ஆயினும் ஓநாயில்லாத காடு தானாக உண்டானதன்று. அவ்வோநாய்களையும் மனிதனே துப்பாக்கியாலும் பொறியாலும் நஞ்சாலும் அழித்தான். கருவி உண்டாக்கிய வெற்றிடத்தை நிரப்ப அக்கருவியே வேண்டும் என்பது, கடன் தீர்க்க மேலும் கடன் வாங்குவோன் கணக்கை ஒத்தது. நாட்டின் வனநிதி எங்கிருந்து வரவேண்டும் என்பதும், தனி ஒருவன் விடுமுறை நாளில் எதில் இன்பம் காண வேண்டும் என்பதும் வெவ்வேறு வினாக்கள். முதலாவதற்குக் கிடைத்த விடை இரண்டாவதற்கு விடையாகாது.

இம்சையின் நான்கு வகை

இல்லறத்தாரின் நிலை அறிந்து நம் ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்தனர். கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமைத்தல், துப்புரவு செய்தல் முதலிய வீட்டுப் பணிகளில் தவிர்க்க இயலாது நேர்வது ஆரம்பி. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோகி. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருவோரை எதிர்க்கும்போது நேர்வது விரோதி. துறவிக்கு நான்கும் விலக்கு. இல்லறத்தானுக்கோ முதலாவது முற்றும் விலக்கு. ஏனைய மூன்றும் இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டியவை.

இதனாலேயே நம் மரபு படைவீரனைப் புறக்கணிக்கவில்லை. கங்க மன்னரின் அமைச்சரும் படைத்தலைவருமாகப் பல போர்களைக் கண்ட சாமுண்டராயரே பத்தாம் நூற்றாண்டில் சிரவணபெளகொளாவில் பாகுபலி பெருமானின் பேருருவை எழுப்பித்தவர். ஆனால் அதே மரபு வேட்டையைச் சூது, கள், களவு முதலியவற்றோடு சேர்த்து ஏழு வியசனங்களுள் ஒன்றாக வைத்தது. திருக்குறளிலும் இவ்வேறுபாட்டைக் காண்கிறோம். படையைப் பற்றிப் பொருட்பாலில் இரண்டு அதிகாரங்கள் உள. கொல்லாமை பற்றியும் புலால் மறுத்தல் பற்றியும் அறத்துப்பாலில் தனித்தனி அதிகாரங்கள் உள. வேட்டையைச் சிறப்பிக்கும் அதிகாரம் ஒன்றும் இல்லை.

இனி நம் துப்பாக்கிக்கு வருவோம். ஒரு நாட்டின் எல்லையைக் காக்கும் வீரன் கையில் அது இருந்தபோது விரோதி இம்சையின் கருவி எனக் கொள்ள இடமுண்டு. எல்லாப் போரும் அறப்போர் அன்று. எனினும் எதிரே நிற்பவனும் ஆயுதம் ஏந்தியவன் என்னும் ஒன்றாவது உண்டு. அதே துப்பாக்கியைச் செப்பனிட்டுக் காட்டுக்கு எடுத்துச் செல்லும்போது, எதிரே நிற்பது எதிர்க்கவும் வராத, எதனையும் பறிக்கவும் வராத உயிர். இரும்பு மாறவில்லை, குழல் மாறவில்லை. இம்சையின் வகை மாறிவிட்டது. இல்லறத்தானுக்கு ஓரளவு பொறுக்கப்பட்ட வகையிலிருந்து, முற்றும் விலக்கப்பட்ட வகைக்கு அக்கருவி கடத்தப்பட்டது. அக்கடத்தல் நிகழ்ந்த இடம் காடன்று, பட்டறை.

குண்டு கூறும் உண்மை

இம்மாற்றத்தைக் குண்டைக்கொண்டு தெளிவாக அறியலாம். 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், உடலில் பாய்ந்ததும் முனை விரிந்து பெரும்புண் உண்டாக்கும் குண்டுகள் செய்யப்பட்டன. அவ்வூர்ப் பெயராலேயே அவை உலகெங்கும் அறியப்பட்டன. மனிதருக்கு இத்துணைக் கொடுமை தகாது எனக் கருதி, 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என உறுதி செய்தன. ஆகவே படைத் துப்பாக்கிக்குரிய குண்டின் ஈயத்தைச் செம்பு கலந்த உறை முனைவரை முழுதும் மூடியிருக்கும்.

வேட்டையில் விதி தலைகீழ். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்கு விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். முழு உறைக் குண்டு சிறு துளையிட்டு ஊடுருவிப் போய்விடும். மான் காயத்தோடு தப்பி ஓடி வருந்திச் சாகும் என்பது காரணம். படைத் துப்பாக்கியை மாற்றுவோன் குண்டையும் மாற்றிக்கொள்கிறான்.

இரண்டு விதிகளும் இரக்கத்தின் பெயராலேயே எழுந்தவை. எனினும் ஓர் இரக்கம் விலக்கியதையே மற்றோர் இரக்கம் கட்டளையிடுகிறது. காரணம் யாது? போரில் எதிரியை வீழ்த்தி அகற்றுதலே நோக்கம். அவன் பிழைத்தெழுந்தால் நோக்கத்திற்கு இழுக்கில்லை. ஆகவே அங்கே இரக்கம் அவன் பிழைப்பதற்கு ஒரு சிறு வழியைத் திறந்து வைக்கிறது. வேட்டையில் சாவே நோக்கம். ஆகவே இரக்கம் செய்யக்கூடியது அச்சாவை விரைவுபடுத்துதல் மட்டுமே. பிழைக்கும் வழியை அது அடைத்தே தீரவேண்டும். சங்கல்பி இம்சை என்று நம் முன்னோர் பிரித்துக் காட்டியதன் நுட்பம் இங்கே விளங்குகிறது. கொல்லும் எண்ணம் தலைமை ஏற்றுவிட்டால், கருணையும் அதற்குப் பணியாளாக நின்று வேலை செய்ய நேரிடும். 'விரைவில் கொல்வதே கருணை' என்னும் நியாயம் பொய்யன்று. ஆனால் அது 'கொல்லத்தான் வேண்டுமா?' என்னும் முதல் வினா முடிந்துபோனபின் பேசப்படும் கருணை.

பட்டறையில் நிகழ்வது

"வேட்டைக்குச் செல்வோன் பாவம் செய்யலாம். மரத்தை இழைத்துக் கொடுத்த தச்சன் என்ன செய்தான்?" என்னும் ஐயம் எழலாம்.

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இதற்கு விடை தருகிறது. வினை ஊற்றுக்கு இடமாவன உயிரும் உயிரல்லாப் பொருளும் என இரண்டு. உயிரைச் சார்ந்த வகை மூன்று படிகளை உடையது. செய்யத் துணிதல் சம்ரம்பம். அதற்குரிய கருவிகளைக் கூட்டி ஆயத்தம் செய்தல் சமாரம்பம். செயலைத் தொடங்குதல் ஆரம்பம். இவ்வாரம்பம் மேற்கூறிய ஆரம்பி இம்சையினின்றும் வேறானது. இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றாலும், சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களாலும் பெருகி 108 ஆகின்றன. செபமாலையின் மணிகள் 108 ஆனதற்கு இக்கணக்கையே காரணம் காட்டுவோரும் உளர்.

உயிரல்லாப் பொருளைச் சார்ந்த வகையில் ஆக்குதல், வைத்தல், இணைத்தல், செலுத்துதல் என நான்கு கூறப்பட்டுள்ளன. துப்பாக்கிப் பட்டறைக்கு இவ்வரிசை எத்துணைப் பொருத்தமாக அமைகிறது! கட்டையைச் செதுக்குதல் ஆக்குதல். தொலைநோக்கியைக் குழலோடு பொருத்துதல் இணைத்தல். துப்பாக்கி தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கருவியை ஆயத்தம் செய்யும் நிலைக்குத் தனிப்பெயர் இட்டு, அதனையும் வினைக்கு வாயில் எனக் கண்டனர் நம் ஆசிரியர். எனவே 'சுடாதவரையில் ஒன்றுமில்லை' என்னும் கூற்று நிற்பதற்கில்லை. தச்சனின் பங்கு வேட்டைக்காரன் பங்கினும் குறைவு. ஆனால் பங்கே இல்லை என்பதற்கில்லை.

இதில் சினம் எங்கே உள்ளது எனக் கேட்கலாம். மெய்தான், வேட்டைக்காரனுக்கு மானின்மேல் பகை இல்லை. மான் மிக அழகிய விலங்கு என்று அவனே கூறுவான். ஆனால் நான்கு கஷாயங்களுள் சினம் ஒன்றே. தன் கைத்திறத்தை எண்ணிப் பூரிக்கும் செருக்கும், வேண்டியதை அடையும் வேட்கையும் அப்பட்டியலில் உள்ளன. விருப்பு முதலியன உள்ளத்தில் தோன்றுதலே இம்சை, தோன்றாமையே அகிம்சை எனப் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திரர் தெளிவுறுத்துகிறார். வெறுப்பினால் மட்டும் கொலை நிகழ்வதில்லை, விருப்பினாலும் நிகழ்கிறது.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை நம் வாசகர் அறிவர். யசோதரன் உயிர்ப்பலி இடுவதற்கு உடன்படவில்லை. தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்டவும் இயலாமல், மாவினால் செய்த கோழியை வாளால் வெட்டிப் பலியிட்டான். மாக்கோழிக்கு உயிரில்லை, குருதியில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலும் நாயுமாகப் பிறந்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். பட்டறையில் முடிந்த துப்பாக்கியைச் சோதிக்க, மானின் உருவத்தைத் தாளில் அச்சிட்டு, நெஞ்சுக்குலை உள்ள இடத்தில் வட்டமிட்டுச் சுட்டுப் பார்ப்பர். தாளில் உள்ள மானுக்கும் உயிரில்லை. அக்காவியத்தை இயற்றியோர் இதனைக் கண்டிருப்பின், மாக்கோழி இப்போது தாள் மானாகிவிட்டது என்றே கூறியிருப்பர்.

கலப்பையும் கத்தியும்

"அவ்வாறாயின் கலப்பை செய்யும் தச்சனும் அரிவாள்மணை அடிக்கும் கொல்லனும் என்ன ஆவர்? கலப்பைக் கொழுவில் சாகும் உயிர்கள் எண்ணிறந்தன அல்லவா?" என அடுத்த தடை எழும். நம்முள் உழவர் பலர். ஆதலின் இத்தடைக்கு விடை கூறாமல் செல்லுதல் தகாது.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அநர்த்த தண்டங்களை ஐந்தாக வகுத்தார். தமிழில் அருங்கலச்செப்பும் அவ்வழியே கூறுகிறது. அவற்றுள் ஒன்று இம்சாதானம், அதாவது ஊறு செய்யும் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதல். அவர் காட்டும் பட்டியலில் வாளும் உண்டு. மண்வெட்டியும் நெருப்பும் உண்டு. மண்வெட்டியும் நெருப்பும் இன்றி இல்லறம் நடவாது என்பதை அவர் அறியாதவரா? விரதத்தின் பெயரிலேயே விடை உள்ளது. அநர்த்தம் என்பது பயனின்மை. கருவி கூரியதா என்பது மட்டுமன்று வினா. அதனை வழங்கும்போது எப்பயன் கருதி வழங்குகிறோம் என்பதே வினா. உழவன் வேண்டுவது நெல். மண்புழு சாவது அவன் விரும்பியதன்று. அது சாகாமலே நெல் விளையுமாயின் அவன் மகிழ்வான். மான் சாகாமலே திரும்பிய நாளை வேட்டைக்காரன் வெற்றி நாளாக எழுதி வைப்பதில்லை. கலப்பைக்கும் துப்பாக்கிக்கும் இடையே உள்ள வேறுபாடு இரும்பில் இல்லை. இவ்விரு உள்ளங்களில் உள்ளது.

உணவுக்கு வேறு வழியே இல்லாத வடபனி நாட்டு மக்கள் விலங்கைக் கொல்வதை நாம் இங்கே எடைபோடவில்லை. கடையில் அரிசியும் கோதுமையும் பருப்பும் நிறைந்திருக்க, விடுமுறை நாளின் இன்பத்திற்காக ஒரு கருவியைப் பல மாதம் இழைத்து இழைத்துச் செய்வது பற்றியே பேசுகிறோம்.

கைமாறும் கருவி

இன்னும் ஒன்று உண்டு. புதுப்பிக்கப்பட்ட கருவி தன்னைப் புதுப்பித்தவனைக் காட்டிலும் நெடுநாள் வாழும். 1940இல் இத்தாலியப் படைக்காகச் செய்யப்பட்ட கார்கானோ ரைபிள் ஒன்று, போருக்குப் பின் கழிவுப் பொருளாக அமெரிக்காவிற்கு வந்தது. ஜப்பானில் செய்த சிறு தொலைநோக்கி அதன்மேல் பொருத்தப்பட்டு, 19.95 டாலர் விலைக்கு அஞ்சல் வழியே விற்கப்பட்டது. பொருத்தியவர் தம் கடமையைச் செய்தார். அதனை யார் வாங்குவார் என அவர் அறியார். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் உயிரைக் குடித்தது அத்துப்பாக்கியே என வாரன் ஆணையம் 1964இல் அறிவித்தது. 1968இல் வந்த சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சலில் துப்பாக்கி விற்பதையும், அயல்நாட்டுப் படைக் கழிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடுத்தது. இறக்குமதித் தடை 1984இல் பழம்பொருள் வகைக்குத் தளர்த்தப்பட்டது.

தொலைநோக்கி பொருத்திய அக்கைக்குக் கொலைப்பழி உண்டென நாம் கூறவரவில்லை. அவ்வாறு கூறுதல் அநீதி. ஆயினும் கருவியைக் கூர்மை செய்து கைவிட்டபின், அக்கூர்மை யாருக்கும் அடங்கியதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. மான் என எண்ணிச் செய்த செம்மை, மனிதனிடத்தும் அதே செம்மையோடு வேலை செய்யும்.

நாம் செய்யத்தக்கது

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்குச் செய்த திருத்தமும் வேட்டையைப் பெரும்பாலும் இல்லாதாக்கிவிட்டன. ஆனால் நம் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கிறார்கள். அங்கே அண்டை வீட்டு அன்பர் ஒருவர், "நீ சுட வேண்டாம், காட்டுக்கும் வரவேண்டாம், உனக்கு மரவேலை நன்கு வருமே, இந்தக் கட்டையை மட்டும் இழைத்துக் கொடு" என்று கேட்டால், அப்பிள்ளை என் செய்வது?

அந்த அன்பரை இழிவாகப் பேசுதல் முதலில் தவிர்க்க வேண்டியது. அவர் பொறுமையும் திறமும் உடையவர். தம் மரபில் தவறென எண்ணாத ஒன்றைச் செய்கிறார். அத்துப்பாக்கியைப் படைவீரர் ஏந்திய பழைய உருவிலேயே, சுடமுடியாதவாறு செயலிழக்கச் செய்து, வரலாற்றுப் பொருளாக வைப்பதாயின் அதற்குக் கை கொடுக்கலாம். அங்கே புதுப்பிக்கப்படுவது நினைவு மட்டுமே, பயன் அன்று. வேட்டைக்கு மாற்றியவற்றைக் காட்டிலும் மாற்றாமல் காத்தவற்றையே பழம்பொருள் திரட்டுவோர் இன்று மிகுதியாக மதிக்கின்றனர் என்பதையும் எடுத்துக் கூறலாம். வேட்டைக்கென்றே கேட்பாராயின், "இதனை மட்டும் என் கை செய்யாது, உங்கள் வீட்டுக் கதவையோ மேசையையோ கொடுங்கள், நன்றாகச் செய்து தருகிறேன்" என இன்சொல்லால் மறுத்து, சொன்னபடியே அவ்வேலையை முடித்துக் கொடுத்தல் நன்று. மறுப்பிலும் நட்பு அழியாது, விரதமும் அழியாது.

ஒரு பொருளைப் புதுப்பிப்போர் அதன் மரத்தையும் இரும்பையும் மட்டும் புதுப்பிப்பதில்லை. அதன் பயனையும் புதுப்பிக்கின்றனர். ஜினாலயத்தைச் செப்பனிட்டால் வழிபாடு மீண்டும் உயிர்பெறும். சுவடியைக் காத்தால் கல்வி உயிர்பெறும். வேட்டைக் கருவியைச் செப்பனிட்டால் வேட்டை உயிர்பெறும். இவ்வளவுகோலை அயலார் துப்பாக்கிக்கு மட்டும் வைத்துக்கொண்டு நாம் மேன்மை பாராட்டுதல் கூடாது. நாம் விற்கும் சரக்கு, கடன் கொடுக்கும் கருவி, முதலிடும் தொழில், மணவீட்டில் உடுக்கும் பட்டு ஆகிய ஒவ்வொன்றையும், இதனால் எது மீண்டும் உயிர்பெறுகிறது, எதன் உயிர் போகிறது எனக் கேட்டுப் பார்த்தல் இல்லறத்தார் கடமை. கைவினை தீவினையாகும் எல்லைக்கோடு, உளி மரத்தில் படும் முன்னரே உள்ளத்தில் வரையப்பட்டுவிடுகிறது. அக்கோட்டைக் காணும் அளவுக்கேனும் நம் உள்ளம் விழித்திருக்க வேண்டும். அவ்விழிப்பே அப்பிரமாதம், அதுவே கொல்லா நெறியின் முதற்படி.